ஒரே கடலில் இரண்டு புயல்

(வடகிழக்குப் பருவமழைக்கு முன்பாக வெம்பக்கோட்டையில் நிகழ்த்திய சொற்பொழிவின் அச்சு வடிவம்)



நான் இன்றைக்குப் புயலைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். ஒரு புயலைப் பற்றி அல்ல, இரண்டு புயல்களைப் பற்றி. ஒரே சமயத்தில், ஒரே கடலில், பக்கத்தில் பக்கத்தில் இரண்டு புயல்கள் கிளம்பினால் என்ன ஆகும்? ஒன்று மற்றொன்றை என்ன செய்யும்? இதுதான் இன்றைய பொருள்.

"ஐயா, நாகப்பட்டினத்தில் போய்ப் பேச வேண்டியதை இங்கே வந்து பேசுகிறீர்களே" என்று நீங்கள் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். இது கரிசல் காடு. வைப்பாற்றில் தண்ணீர் ஓடுவதையே வருஷத்தில் சில நாள்தான் பார்க்கிறோம். கடலைப் பார்க்க வேண்டுமென்றால் தூத்துக்குடிப் பக்கம் போக வேண்டும். நமக்கும் புயலுக்கும் என்ன சம்பந்தம்?

சம்பந்தம் இருக்கிறது. மழை குறைவு என்பதையே முதலாகப் போட்டுத் தொழில் நடத்துகிற வட்டாரம் இது. சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை என்று இந்த மண்ணில் பட்டாசு வேரூன்றியதற்கு வறண்ட வெயிலும் ஒரு காரணம். திரி காய வேண்டும். குழாய் காய வேண்டும். மருந்து ஏற்றிய பூச்சட்டி காய வேண்டும். காலையில் களத்தில் பரப்பியது சாயங்காலத்துக்குள் காய்ந்தாக வேண்டும். இரண்டு நாள் மோடம் போட்டு, வெயில் முகத்தைக் காட்டவில்லை என்றால் என்ன நடக்கும் என்பதை நான் சொல்லி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. வேலை நிற்கும், கூலி நிற்கும். அதோடு போனால் பரவாயில்லை. அலுமினியப் பொடி கலந்த மருந்தில் ஈரம் ஏறினால் அது தானாகவே உள்ளுக்குள் சூடாகும். நெருப்பே வைக்காமல் தீப்பிடிக்கும் அளவுக்குச் சூடாகும். அதனால்தான் கலந்த மருந்தை மிச்சம் வைக்காதே, மறுநாளைக்கு என்று மூடி வைக்காதே என்று அனுபவப்பட்டவர்கள் தலைதலையாய் அடித்துக்கொள்கிறார்கள். அடுத்த இரண்டு நாள் வெயிலா, மழையா என்பது கடற்கரை மீனவருக்கு எவ்வளவு முக்கியமோ, மருந்து கலக்கிறவருக்கும் அவ்வளவு முக்கியம்.

அந்த "அடுத்த இரண்டு நாள்" என்பதைக் கணிப்பது ஒற்றைப் புயல் இருக்கும்போதே சிரமம். இரண்டு புயல் இருந்தால்?

2019-ஐ நினைத்துப் பாருங்கள். அந்த வருஷம் தீபாவளி அக்டோபர் 27. நாம் செய்த சரவெடி நாடெங்கும் வெடித்துக்கொண்டிருந்த அதே நாளில், அரபிக்கடலின் நடுவே 'கியார்' என்ற புயல் மணிக்கு 240 கிலோமீட்டர் வேகத்தை எட்டிக்கொண்டிருந்தது. 2007-ல் 'கோனு' வந்த பிறகு அரபிக்கடல் அப்படி ஒரு சூப்பர் புயலைக் கண்டதில்லை. அது ஓய்வதற்குள், மூன்றே நாளில், அக்டோபர் 30-ஆம் தேதி, குமரிக்கடலுக்கு மேற்கே, லட்சத்தீவை ஒட்டி இன்னொன்று எழுந்தது. அதற்குப் பெயர் 'மஹா'. ஒரே கடலில் இரண்டு புயல். அரபிக்கடலுக்கு இது அரிதிலும் அரிது.

உடனே என்ன நடந்தது? செல்போனில் செய்தி பறந்தது. "இரண்டும் சேரப் போகிறது! சேர்ந்தால் ராட்சசப் புயல்!" பின்னணியில் உடுக்கை அடிக்கிற மாதிரி ஒரு இசை வேறு. சேர்ந்ததா? இல்லை. கியார் மேற்கே போய், தென்மேற்காகத் திரும்பி, ஏமனுக்கும் சோமாலியாவுக்கும் எதிரே உள்ள கடலிலேயே கரைந்தது. மஹா வடமேற்காகப் போய், அப்புறம் திடீரென்று திரும்பி, குஜராத்தை நோக்கி வந்து, கரையைத் தொடும் முன்பே நவம்பர் 7 வாக்கில் அடங்கிவிட்டது.

அப்படியானால் இரண்டு புயல்கள் ஒன்றையொன்று ஒன்றுமே செய்யாதா? செய்யும். ஆனால் நாம் நினைக்கிற மாதிரி அல்ல. அதைத்தான் இப்போது பார்க்கப் போகிறோம்.

புயலை நாம் பெரிய பலசாலியாக நினைக்கிறோம். மரத்தைப் பிடுங்குகிறது, கூரையைத் தூக்குகிறது, பலசாலிதான். ஆனால் அது எந்தப் பக்கம் போவது என்று அதனால் முடிவு செய்ய முடியாது. சுற்றிலும் வீசுகிற பெரிய காற்றோட்டம் எந்தப் பக்கம் இழுக்கிறதோ அந்தப் பக்கம்தான் போகும். வைப்பாற்றில் வெள்ளம் வரும்போது பாலத்தில் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும்: தூணை ஒட்டிப் பிறக்கிற சுழி சுற்றிக்கொண்டே ஆற்றோடு போகும். சுற்றுவது அதன் வேலை, கொண்டுபோவது ஆற்றின் வேலை. புயலும் காற்று என்னும் ஆற்றில் பிறந்த சுழிதான்.

இப்போது அதே ஆற்றில் பக்கத்திலேயே இன்னொரு சுழி பிறந்தால்? முதல் சுழிக்கு இரண்டாவது சுழியின் நீரோட்டமும் ஆறுதான். இரண்டாவதற்கு முதலாவதின் நீரோட்டமும் ஆறுதான். ஒன்றை ஒன்று கொண்டுபோகும். தண்ணீரில் இப்படிச் சுழிகளை உண்டாக்கி, அவை ஒன்றையொன்று எப்படி நகர்த்துகின்றன என்று ஆராய்ந்தவர் சகுஹெய் ஃபுஜிவாரா என்னும் ஜப்பானிய வானிலை அறிஞர். 1921-ல் அதை எழுதி வெளியிட்டார். பின்னாளில் ஜப்பானின் மத்திய வானிலை ஆய்வகத்துக்கே தலைவரானார். நூறு வருஷம் கழித்து, இரண்டு புயல் வரும்போதெல்லாம் தொலைக்காட்சியில் அவர் பெயரைத்தான் சொல்கிறார்கள்.

மாணவர்களே, இதை நீங்கள் கையாலேயே புரிந்துகொள்ளலாம். நம் வடபாதி உலகில் புயல் எப்போதும் கடிகாரமுள்ளுக்கு எதிராகச் சுற்றும். கிழக்கே ஒரு புயல், மேற்கே ஒரு புயல் என்று வைத்துக்கொள்ளுங்கள். கிழக்குப் புயல் இடமாகச் சுற்றுகிறது. அப்படியானால் அதன் மேற்குப் பக்கத்தில் காற்று எங்கிருந்து எங்கே போகும்? வடக்கிலிருந்து தெற்கே. அங்கே இருப்பது யார்? மேற்குப் புயல். ஆகவே அது தெற்கே தள்ளப்படும். மேற்குப் புயலும் அதே மாதிரி சுற்றுகிறது; அதன் கிழக்குப் பக்கத்தில் காற்று தெற்கிலிருந்து வடக்கே போகும். அங்கே இருக்கிற கிழக்குப் புயல் வடக்கே தள்ளப்படும். ஒன்று மேலே, ஒன்று கீழே. விளைவு? இரண்டும் நடுவில் ஒரு புள்ளியை வைத்துக்கொண்டு ஒன்றையொன்று சுற்ற ஆரம்பிக்கும். அந்த நடுப்புள்ளியும் பலமான புயலின் பக்கமே சாய்ந்திருக்கும். சின்னது பெரியதைச் சுற்றிவரும், பெரியது லேசாகத்தான் அசையும்.

உங்களுக்குப் பழக்கமான ஒன்றைச் சொல்கிறேன். பக்கத்தில் பக்கத்தில் இரண்டு தரைச்சக்கரத்தைப் பற்றவைத்தால் இரண்டும் முட்டிக்கொள்ளும், தெறிக்கும், ஒன்று எகிறிப் போகும். புயல்களும் அப்படித்தான் மோதும் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். அங்கேதான் தவறு. தரைச்சக்கரம் கெட்டியான பொருள், தொட்டால்தான் தள்ளும். புயல்கள் தொட வேண்டியதே இல்லை. ஆயிரம் கிலோமீட்டர் தள்ளியிருந்தாலும் ஒன்றின் காற்று மற்றொன்றை இழுத்துக்கொண்டு போகும். பொதுவாக 1,400 கிலோமீட்டருக்குள் வந்தால் இந்தப் பாதிப்பு தெரிய ஆரம்பிக்கும் என்பார்கள். பெரிய புயல்களுக்குத்தான் இந்தக் கணக்கு. சின்னப் புயல்களாக இருந்தால் இன்னும் நெருங்கி வர வேண்டும்.

சரி, நெருங்கி வந்து சேர்ந்தேவிட்டால்? இரண்டு நூறு சேர்ந்து இருநூறு ஆகுமா? ஆகாது ஐயா, ஆகாது. புயலின் உச்சியிலிருந்து காற்று நாலாபக்கமும் வெளியே வழிகிறது. பெரிய புயலின் மேல்காற்று சின்னப் புயலின் தலையை அறுத்துவிடும். தலை ஒரு பக்கம், உடல் ஒரு பக்கம் என்று ஆன புயல் பிழைக்காது. அது கிழிந்து, மேகமாக நைந்து, பெரியதின் வாலில் ஒட்டிக்கொள்ளும். 2017 ஜூலையில் மெக்சிகோவுக்கு மேற்கே பசிபிக்கில் 'ஹிலாரி', 'இர்வின்' என்ற இரண்டு புயல்கள் ஒன்றையொன்று சுற்றின. அதே ஜூலையில் ஜப்பான் பக்கம் 'நோரு' ஒரு வளையமே போட்டுத் திரும்பியது, பக்கத்தில் இருந்த 'குலாப்' காணாமல் போனது. 2021 ஏப்ரலில் ஆஸ்திரேலியாவுக்கு மேற்கே 'ஒடெட்' என்ற சின்னப் புயலை 'செரோஜா' விழுங்கியது. எங்கேயாவது ராட்சசன் பிறந்தானா? இல்லை.

ராட்சசன் பிறக்கவில்லை என்று நிம்மதியாகப் போய்ப் படுத்துவிடாதீர்கள். ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. அது எங்கே என்று பார்க்க வேண்டுமானால் பிலிப்பைன்ஸுக்குப் போக வேண்டும்.

2009 அக்டோபர். 'பார்மா' என்று ஒரு புயல். அந்த நாட்டின் வட கோடியில் லூசோன் தீவைத் தாக்கிவிட்டு மேற்கே கடலுக்குப் போய்விட்டது. போய்விட்டது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். ஒற்றைப் புயலாக இருந்திருந்தால் போயே போயிருக்கும். ஆனால் கிழக்கே பசிபிக்கில் 'மேலோர்' என்று இன்னொரு புயல், அதைவிடப் பலசாலி, ஜப்பானை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. பார்மாவுக்கு வடகிழக்கே மேலோர். மேலோரின் தென்மேற்குப் பக்கத்தில் காற்று எப்படி வீசும்? இப்போதுதான் பார்த்தோம், கடிகாரமுள்ளுக்கு எதிராக. அப்படியானால் வடமேற்கிலிருந்து தென்கிழக்கே. பார்மா அங்கே சிக்கியது. போன புயல் நின்றது. நின்ற புயல் திரும்பியது. திரும்பிய புயல் மறுபடி அதே தீவின் மேல் ஏறியது. மேலோர் ஜப்பானுக்குப் போய்ச் சேர்ந்த பிறகு பிடி விட்டது. பார்மா மறுபடி மேற்கே திரும்பிற்று. ஒரே புயல், ஒரே தீவு, மூன்று முறை கரை கடந்தது. பாக்கியோ மலைப்பக்கம் நாள்கணக்கில் மழை. மலைகள் சரிந்தன. நூற்றுக்கணக்கானோர் மாண்டார்கள். அப்போது பார்மாவின் காற்று வேகம் முன்பைவிடக் குறைவுதான்! மக்களைக் கொன்றது காற்றின் வேகம் அல்ல. போக வேண்டிய புயல் போகாமல் நின்றது, அதுதான் கொன்றது.

இதன் மறுபக்கமும் உண்டு. 2025 செப்டம்பர் கடைசியில் அட்லாண்டிக் கடலில் 'ஹம்பர்ட்டோ', 'இமெல்டா' என்று இரண்டு. இமெல்டா பஹாமாஸ் பக்கத்திலிருந்து அமெரிக்கக் கரைக்கு ஏறும் என்ற அச்சம் இருந்தது. வெளியே பலமாக நின்ற ஹம்பர்ட்டோ அதைக் கிழக்கே கடலுக்குள் இழுத்துக்கொண்டது. கரை தப்பியது. ஒரு ஊரை அழிக்கிற இரண்டாவது புயல் இன்னொரு ஊரைக் காப்பாற்றவும் செய்யும். அதற்கு நல்ல எண்ணமும் கிடையாது, கெட்ட எண்ணமும் கிடையாது.

இனி நம் கடலுக்கு வருவோம். மேற்குப் பசிபிக்கில் வருஷத்துக்கு இருபத்தைந்துக்கும் மேலாகப் புயல்கள் பிறக்கின்றன. அங்கே இரண்டு சேர்ந்து வருவதில் வியப்பில்லை. நமக்கோ வங்கக்கடல், அரபிக்கடல் இரண்டும் சேர்த்து வருஷத்துக்கு ஐந்து என்பதே சராசரி. அதில் நாலு வங்கக்கடலில். அந்தக் கடலும் மூன்று பக்கம் நிலம் சூழ்ந்த கடல். புயல் பிறந்து நாலைந்து நாளில் ஏதோ ஒரு கரையில் ஏறிவிடும். இரண்டு புயல் ஒன்றையொன்று சுற்றி வருவதற்கு இடமும் இல்லை, நேரமும் இல்லை.

ஆனாலும் ஜோடி வந்ததுண்டு. இங்கே இருக்கும் மூத்தவர்களுக்கு 1977 நினைவிருக்கும். நவம்பர் 12, விடியற்காலை, நாகப்பட்டினத்துக்குச் சற்றுத் தெற்கே ஒரு புயல் ஏறியது. மணிக்கு 120 கிலோமீட்டர் காற்று. 560 பேர் இறந்தார்கள். அந்தப் புயல் அதோடு சாகவில்லை. தமிழ்நாட்டை மேற்காகக் கடந்து, கேரளத்தைத் தாண்டி, அரபிக்கடலில் இறங்கி, அங்கே மறுபடி உயிர் பிடித்தது. அது அந்தப் பக்கம் அலைந்துகொண்டிருக்கும்போதே இந்தப் பக்கம் வங்கக்கடலில் அடுத்தது எழுந்தது. நவம்பர் 19-ஆம் தேதி ஆந்திரத்தின் திவிசீமையில் ஏறியது. ஐந்து மீட்டர் உயரத்துக்குக் கடல் உள்ளே வந்தது. பத்தாயிரம் பேருக்கு மேல் ஒரே நாளில் போனார்கள். மேற்கே ஒன்று, கிழக்கே ஒன்று, நடுவில் நாம். ஒரே வாரத்தில்!

கிழக்கே இருந்தது வடக்கே வளைந்து ஆந்திரத்துக்குப் போனதே, அது ஃபுஜிவாரா சொன்னதுதானா? ஆசையாகத்தான் இருக்கிறது, ஆமாம் என்று சொல்ல. நான் சொல்லமாட்டேன். இரண்டுக்கும் இடையே மிகுந்த தூரம், நடுவே தீபகற்பமே குறுக்கே கிடக்கிறது. வங்கக்கடல் புயல் வடக்கே வளைவதற்கு இரண்டாவது புயல் வேண்டியதில்லை, வழக்கமான மேல்காற்றே போதும். 2018 அக்டோபரில் 'தித்லி' ஆந்திரத்தின் பலாசா அருகே 11-ஆம் தேதி ஏறியது, 'லுபான்' 14-ஆம் தேதி ஏமனில் ஏறியது. அவையும் ஒரே சமயத்தில் இருந்தவைதான், ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத தூரத்தில். 2022 மே மாதம் வங்கக்கடலில் 'அசானி', நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே 'கரீம்'. செயற்கைக்கோள் படத்தில் பார்த்தால் கண்ணாடியில் தெரிகிற பிம்பம் போல இருந்தன. அழகான படம், ஆனால் அது வேறு கதை. தென்பாதி உலகில் புயல் வலமாகச் சுற்றும். எதிரெதிராகச் சுற்றும் இரண்டு ஒன்றையொன்று வட்டமிடாது.

2025 நவம்பர் கடைசி வாரத்தை யாரும் மறந்திருக்க முடியாது. மலாக்கா நீரிணையில் 'சென்யார்', அதே வாரத்தில் இலங்கையை ஒட்டி 'டித்வா'. சுமத்ராவிலும் இலங்கை மலையகத்திலும் வெள்ளமும் மண்சரிவும் நூற்றுக்கணக்கான உயிர்களைக் கொண்டுபோயின. அப்போதும் "இரண்டும் இணைகிறது" என்று ஒரு கூட்டம் கிளம்பியது. இரண்டுக்கும் நடுவே ஆயிரத்தைந்நூறு கிலோமீட்டருக்கு மேல் இருக்கிறது ஐயா! டித்வா இலங்கையை அழித்ததற்கு இணைப்பு காரணமில்லை. மெதுவாக நகர்ந்ததும், மலையில் மோதிய ஈரக்காற்றும்தான் காரணம்.

அப்படியானால் நம் பக்கத்தில் உண்மையான உதாரணமே இல்லையா? இருப்பதில் நெருங்கி வருவது முதலில் சொன்ன கியார், மஹாதான். வரைபடத்தில் வைத்துப் பாருங்கள். கியார் வடமேற்கே, மஹா தென்கிழக்கே. ஃபுஜிவாரா கணக்குப்படி வடமேற்கே இருப்பது தென்மேற்காக வளைய வேண்டும். கியார் வளைந்தது. தென்கிழக்கே இருப்பது வடகிழக்காக வளைய வேண்டும். மஹாவும் பிற்பாடு வளைந்தது. பாடப்புத்தகம் போல இருக்கிறதே என்று தோன்றும். ஆனால் மஹா வளைந்தபோது கியார் ஓய்ந்தே போயிருந்தது. அந்த நேரத்தில் அதை வளைத்தது வடக்கே இருந்து இறங்கிய மேலைக்காற்று. கியாரின் திருப்பத்தில் மஹாவின் கை கொஞ்சம் இருந்திருக்கலாம், அரேபியாவின் மேல் நின்ற உயர் அழுத்தத்தின் கை அதைவிட அதிகம். வானத்தில் எந்தக் காரியத்துக்கும் ஒற்றைக் காரணம் கிடையாது. ஒரே காரணத்தைச் சொல்லி முடித்துவிடுகிறவரைக் கண்டால் கொஞ்சம் தள்ளியே உட்காருங்கள்.

பட்டாசு வேலை பார்க்கிற நமக்கு இதில் என்ன? புயல் சின்னம் ஆந்திரத்துக்குப் போகிறதென்றால் நம் ஊருக்கு மழை வராது. ஈரத்தையெல்லாம் அது வடக்கே இழுத்துக்கொள்ளும், நமக்கு மேற்கேயிருந்து வறண்ட காற்று வரும், களத்தில் காயப்போடலாம். அதே சின்னம் மன்னார் வளைகுடாப் பக்கமோ குமரிக்கடல் பக்கமோ வந்தால் நமக்கு அடைமழை. இருநூறு, முந்நூறு கிலோமீட்டர் விலகலில் நம் வாரக்கூலி மாறிப்போகிறது. ஒற்றைப் புயலுக்கு வானிலைத் துறை ஒரு நாள் முன்னால் சொல்லும் இடத்தில் சராசரிப் பிழை இன்று நூறு கிலோமீட்டருக்கும் கீழே வந்துவிட்டது. பெரிய சாதனை. ஆனால் பக்கத்தில் இரண்டாவது சுழல் இருந்தால் அந்தக் கணக்கு ஆட்டம் காணும். முதலாவதின் இடத்தில் வரும் சின்னப் பிழை இரண்டாவதின் பாதையில் பெரிய பிழையாகும், அது திரும்பி வந்து முதலாவதைக் கெடுக்கும். ஆகவே இரண்டு சின்னம் இருக்கிற நாளில் முந்தாநாள் சொன்னதை நம்பி மருந்து கலக்காதீர்கள். காலையில் வந்ததைப் பாருங்கள், மத்தியானம் வந்ததையும் பாருங்கள்.

இன்னொன்று. புயலுக்குப் பெயர் வைத்தால்தான் பயப்பட வேண்டும் என்பதில்லை. 2023 டிசம்பர் 17, 18. குமரிக்கடல் பக்கம் ஒரு மேலடுக்குச் சுழற்சி. பெயர் இல்லை, எண் இல்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை! நம் மாவட்டத்தில் ஒரு வருஷம் முழுக்கப் பெய்கிற மழையே அந்த அளவுக்கு வராது. தாமிரபரணி ஊர் ஊராக உள்ளே வந்ததை நாம் பார்த்தோம். அங்கேயும் ஆபத்து வேகத்தில் இல்லை, நகராமல் நின்றதில் இருந்தது.

அதனால் அண்ணாச்சி, "சேருமா, சேராதா" என்று கேட்காதீர்கள். "எந்தப் பக்கம் நகருகிறது, எவ்வளவு வேகத்தில் நகருகிறது, எங்கேயாவது நிற்கிறதா" என்று கேளுங்கள்.

இதைக் கண்டுபிடிக்கப் பெரிய கருவி ஒன்றும் வேண்டாம். புயல் உருவானால் வானிலைத் துறை மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை அறிக்கை விடுகிறது. அதில் அட்சரேகை, தீர்க்கரேகை இரண்டும் இருக்கும். கட்டம் போட்ட கடல் வரைபடத்தில் புள்ளி வையுங்கள். இரண்டு புயல் இருந்தால் இரண்டு புள்ளி. இரண்டையும் ஒரு கோட்டால் இணையுங்கள், கோட்டின் நடுவில் ஒரு புள்ளி வையுங்கள். அடுத்த அறிக்கை வந்ததும் மறுபடி போடுங்கள். கோட்டின் நீளம் குறைகிறதா? கோடு இடமாகத் திரும்புகிறதா? இரண்டும் நடந்தால் அவை ஒன்றையொன்று பிடித்திருக்கலாம். கோடு திரும்பாமல் அப்படியே நகர்ந்தால் இரண்டையும் வேறு ஏதோ பெரிய காற்று கொண்டுபோகிறது. கிலோமீட்டருக்கு ஒரு எளிய கணக்கு: ஒரு அட்சரேகைப் பாகை என்பது 111 கிலோமீட்டர்.

கியாருக்கும் மஹாவுக்கும் உண்டான புள்ளிகளை நாளைக்கு எட்டாம் வகுப்பு, ஒன்பதாம் வகுப்பு மாணவர்கள் போட்டுப் பார்க்கப் போகிறார்கள். அதற்கான வரைபடத் தாள்கள் வாசல் பக்க மேசையில் இருக்கின்றன. பெரியவர்களும் ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொள்ளலாம். மழைக்காலம் முழுக்க உதவும். நான் பேசியது போதும். முன்வரிசையில் ஒரு தாயி ரொம்ப நேரமாகக் கையைத் தூக்கிக்கொண்டிருக்கிறார். அவரிடமிருந்து கேள்விகளை ஆரம்பிக்கலாம்.